கொட்டானுக்கு என்ன விலை?

கேள்வி: நடத்தைப் பொருளியலைப் புத்தகத்தில் படித்தால் மண்டையில் ஏறவில்லை. சோதனை செய்து படிக்கலாமா? அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டுமா?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாகப் படிக்கலாம்மா. பணம், விலை விஷயத்தில் மனிதர்கள் நிஜமாக எப்படி முடிவெடுக்கிறார்கள் என்று பார்ப்பதுதானே நடத்தைப் பொருளியல்! வகுப்பறையே போதும். கானமன், நெட்ச், தேலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 1990-இல் வெளியிட்ட சோதனையை எடுத்துக்கொள். மாணவர்களில் பாதிப் பேருக்குக் காப்பிக் கோப்பையைச் சும்மா கொடுத்தார்கள். அவர்களிடம் விற்கும் விலையையும், மற்றவர்களிடம் வாங்கும் விலையையும் கேட்டார்கள். விற்பவர் கேட்டது, வாங்குபவர் சொன்னதைப் போல ஏறத்தாழ இரு மடங்கு! கைக்கு வந்த பொருளை விட்டுக்கொடுக்க மனசு வராது.

நான் பாடம் நடத்திய காலத்தில் கோப்பைக்குப் பதில் பனையோலையில் முடைந்த சின்னப் பெட்டியான கொட்டானைக் கொடுப்பேன், டவுன் ரதவீதியில் வாங்கியது. பிள்ளைகள் மூடியைத் திறந்து ஓலை வாசம் பிடிப்பார்கள். அப்புறம் சீட்டில் விலை எழுதச் சொன்னால், வைத்திருப்பவர்கள் எழுதுவதுதான் பெரிய தொகையாக இருக்கும். பார்க்கப் பார்க்க எனக்கு அலுத்ததே இல்லை.

ஒன்றில் மட்டும் கறாராக இரு. பேச்சுக்கு விலை கேட்காதே. பத்து ரூபாயானாலும் சரி, நிஜப் பணம் கைமாற வேண்டும். கொட்டான் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய். பக்கத்து பெஞ்சைப் பார்த்து எழுத விடாதே. முதலில் விடுதித் தோழிகளிடம் செய்து பார். வந்த விலைகளை எனக்கு எழுது.