கேளுங்கள், கடையில்தான் இருக்கிறேன்

தருமபுரி நாலு ரோட்டுப் பக்கம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கும் அக்காவின் கேள்வி - பதில்

மகளுக்கு 2019-இல் பள்ளியில் தந்த லேப்டாப் ஆமை மாதிரி ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கும் அப்டேட் நின்றுவிட்டதாமே? தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கலாமா?
- வாசகர், பாலக்கோடு

அவசரப்படாதீர்கள். 2025 அக்டோபர் 14-ஓடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான அப்டேட் நின்றது உண்மைதான். அதற்காக மெஷின் மறுநாள் காலையில் செத்துவிடாது. புதிதாக ஏதாவது பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் முன்போல் தானாக அடைபடாது, அவ்வளவுதான். பேங்க் வேலையை மட்டும் அதில் செய்யாதீர்கள். பழைய மெஷினில் விண்டோஸ் 11 ஏறுவது கஷ்டம், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்புச் சிப் இருக்கிறதா, பிராசஸர் எந்த வருடத்தது என்று ஆயிரம் கேட்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், காசு கிடையாது. வேகம் வேண்டுமென்றால் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டச் சொல்லுங்கள்.

அதற்கும் முன்னால் ஒருமுறை திறந்து பார்க்கச் சொல்லுங்கள். போன வாரம் கிரானைட் பட்டறையிலிருந்து ஒரு சிபியு வந்தது. "மதர்போர்டு போச்சுங்க" என்று முடிவே கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். திறந்தால் ஃபேன் இறக்கையில் மெத்தை மாதிரி கல் தூசி, பவர் சப்ளை மூலையில் இரண்டு பல்லி முட்டை. புளோயரால் ஊதி, ராம் என்கிற மெமரித் தகட்டைக் கழற்றி, அதன் மஞ்சள் முனையைப் பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் ரப்பரால் தேய்த்து மாட்டினேன். ஆன் ஆகிவிட்டது. கம்ப்யூட்டரிடம் எனக்குப் பிடித்ததே இதுதான். ராம் சரியில்லை என்றால் பீப் பீப் என்று கத்தி ஒத்துக்கொள்ளும். மனுஷனிடம் அது நடக்காது.

ஒன்பதாவது படிக்கும் பையன் பி.ஜி.எம்.ஐ. கேமே கதியென்று கிடக்கிறான். தட்டில் சோறு ஆறினாலும் எழுந்து வருவதில்லை. அரசாங்கமே தடை செய்தால் தேவலை!
- வாசகி, காவேரிப்பட்டணம்

தடை செய்து பார்த்தாயிற்று அம்மா. 2020 செப்டம்பரில் பப்ஜியை நிறுத்தினார்கள். மறு வருடமே பி.ஜி.எம்.ஐ. என்று பேர் மாற்றி வந்தது. 2022 ஜூலையில் அதையும் நிறுத்தினார்கள், 2023 மே மாதம் திரும்ப வந்துவிட்டது. சட்டத்தை நம்பிச் சோறு பரிமாற முடியாது.

பையன் பக்கத்தில் ஒரு மேட்ச் முழுக்க உட்கார்ந்து பாருங்கள். நூறு பேர் வரைக்கும் விமானத்திலிருந்து குதிப்பார்கள், வட்டம் சுருங்கிக்கொண்டே வரும், கடைசியில் நிற்பவர் ஜெயித்தார். சுமார் அரை மணி நேரம். நடுவில் நிறுத்திவைக்க வழியில்லை. நாலு பேர் சேர்ந்து ஆடும்போது இவன் எழுந்தால் மற்ற மூன்று பேருக்கும் ஆள் குறையும். மறுநாள் வகுப்பில் திட்டு விழும். உங்கள் சோறு அந்தத் திட்டோடுதான் போட்டி போடுகிறது.

அதியமான்கோட்டையில் என் பாட்டி திண்ணையில் கரியால் கோடு போட்டு ஆடு புலி ஆட்டம் ஆடுவார். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி அடைபடப் போகிற நேரத்தில் தாத்தா தண்ணீர் கேட்டாலும் எழுந்திருக்க மாட்டார். "மொண்டு குடிங்க" என்பார். அதனால் பையனை மேட்ச் நடுவில் கூப்பிடாதீர்கள். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்கும் முன்னால் போய் நில்லுங்கள். யூ.பி.ஐ. பின் நம்பரை மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். துப்பாக்கிக்குச் சட்டை மாட்டவே காசு கேட்கிற கேம் அது. பணம் கட்டி ஆடும் ரம்மி வகையறா வேறு கதை. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே அதற்குத் தடைச் சட்டம் கொண்டுவந்துவிட்டது.

கம்ப்யூட்டர் மனிதனை ஜெயித்த பிறகும் செஸ் எதற்கு?
- வாசகர், பென்னாகரம்

டீப் புளூ என்ற கம்ப்யூட்டர் காஸ்பரோவைத் தோற்கடித்தது 1997-இல். குகேஷ் பிறந்ததே 2006-இல். அவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை போல.

அக்கா, ஆன்லைனில் விவாதம் செய்து யாருடைய கருத்தையாவது மாற்றியிருக்கிறீர்களா?
- கல்லூரி மாணவர், அரூர்

இல்லை தம்பி. நான்தான் ஒருமுறை மாறினேன். எங்கள் பிளஸ் டூ வாட்ஸ்அப் குழுவில் ஓசூர்க்காரன் ஒருவன். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுவதுதான் வேகம் என்றான். எனக்குப் பொறுக்குமா? தமிழ்99 என்கிற தமிழ் கீபோர்டு முறையில் 'க'வை இரண்டு தரம் தட்டினால் புள்ளி தானாக விழுந்து 'க்க' ஆகிவிடும், உயிரெழுத்தெல்லாம் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில் என்று பத்திப் பத்தியாக எழுதினேன். மூன்று ராத்திரி. மூன்றாம் நாள் பேச்சு எங்கேயோ போய், பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் அவன் யாரைப் பார்த்து எழுதினான் என்பதில் வந்து நின்றது.

அப்புறம் அவன் பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது கடைக்கே வரச் சொன்னேன். பேப்பரில் ஒரு செய்தியை இரண்டு பேரும் அடித்தோம். நான் கீபோர்டில், அவன் செல்போனில். நான் கடைசி இரண்டு வரியில் இருக்கும்போது அவன் டீ சொல்லிவிட்டான். அன்றைக்கு ராத்திரி குழுவில் "நீ சொன்னதுதான் சரி" என்று போட்டேன். இத்தனை நாள் கைதட்டிய முப்பது பேரில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவன் மட்டும் ஒரு கட்டைவிரல் போட்டான். நான் இன்னமும் தமிழ்99-தான் அடிக்கிறேன். வேகம் என்று மட்டும் சொல்வதில்லை. அந்தக் கட்டைவிரலில் கிண்டல் இருந்ததா என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.