உறங்கும் மரபணுவும் ஏவிவிடப்பட்ட வைரஸும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தந்தைக்கு வயது 71. எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் சரியாக உருவாகவில்லை, மைலோடிஸ்பிளாஸ்டிக் சிண்ட்ரோம் என்று சொல்லி அசாசிட்டிடின் ஊசியைத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு சுற்று முடிந்த பின்னும் ரத்த எண்ணிக்கை ஏறவில்லை. முன்பைவிட இறங்கியே இருக்கிறது. "இது எபிஜெனெடிக் மருந்து, பொறுத்திருங்கள்" என்கிறார் மருத்துவர். பொறுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: பொறுக்கலாம். அந்த மருந்து வேலை செய்யும் விதமே அப்படித்தான். நம் உயிரணு ஒவ்வொன்றிலும் ஒரே டிஎன்ஏதான் இருக்கிறது என்றாலும், எந்த மரபணு செயல்பட வேண்டும், எது அடங்கியிருக்க வேண்டும் என்பதை அதன்மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் போன்ற சிறு வேதிக்குறிகள் தீர்மானிக்கின்றன. புற்றுநோய் அணுக்களில் (உங்கள் தந்தையின் நோயும் ஒருவகை ரத்தப் புற்றுநோய்தான்), வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணுக்கள் பல நேரங்களில் சிதைந்துபோவதில்லை. புத்தகத்தின் எழுத்து அழியாமல் பக்கங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டதுபோல், மீத்தைல் குறிகள் மிகுந்து படிக்க முடியாமல் போய்விடுகின்றன. அந்தப் பக்கங்களைப் பிரித்துவிடும் முயற்சியே எபிஜெனெடிக் சிகிச்சை.

அசாசிட்டிடின் 1960களில் அன்றைய செக்கோஸ்லோவாக்கியாவின் பிராகா நகரில் உருவாக்கப்பட்டது. முதலில் அதை மற்றக் கீமோ மருந்துகளைப்போல, அணுக்களைக் கொல்லும் அளவுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், பக்கவிளைவுதான் மிஞ்சியது. பீட்டர் ஜோன்ஸ், ஷெர்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் எலிக்கருவின் அணுக்களில் இம்மருந்தை இட்டபோது அவற்றில் சில தசை அணுக்களாகவே மாறிவிட்டதையும், மீத்தைல் குறிகள் குறைந்ததே அதற்குக் காரணம் என்பதையும் 1980இல் காட்டிய பிறகுதான், குறைந்த அளவில் நெடுநாள் கொடுக்க வேண்டிய மருந்து இது என்ற புரிதல் வந்தது. அமெரிக்காவில் 2004இல் இதற்கு அனுமதி கிடைத்தது.

அணு பிரியும்போது இம்மருந்து புதிய டிஎன்ஏவுக்குள் நுழைந்து, மீத்தைல் குறியைப் படியெடுக்கும் நொதியைச் சிக்கவைக்கிறது. ஆகவே ஒவ்வொரு பிரிவிலும் குறிகள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறையும். 28 நாளுக்கு ஒரு முறை, 7 நாள் ஊசி என்ற கணக்கில் குறைந்தது ஆறு சுற்றாவது கொடுத்துப் பார்த்த பின்னரே, நோய் முற்றாமலும் பக்கவிளைவு தாங்க முடியாததாக இல்லாமலும் இருக்கும் பட்சத்தில், பலன் இல்லை என்ற முடிவுக்கு மருத்துவர்கள் வருவது வழக்கம். முதல் சில சுற்றுகளில் எண்ணிக்கை இறங்குவது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் அந்த நாட்களில் 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால், இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். மாத்திரை போட்டுவிட்டுக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது.

பலன் எவ்வளவு என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2009இல் வெளியான ஆய்வில், அபாயம் மிகுந்த நிலையில் இருந்த 358 பேரில், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேராவது உயிரோடு இருந்த காலம்) 15 மாதம். அசாசிட்டிடின் பெற்றவர்களுக்கு 24.5 மாதம். மருந்தை நிறுத்தினால் குறிகள் திரும்பவும் ஏறிக்கொள்ளும் என்பதால் இது நோயை வேரோடு களைவதில்லை. அதற்கு வழியுள்ளது தானமாகப் பெறும் ஸ்டெம்செல் மாற்றுச் சிகிச்சையில்தான். 71 வயதில் அது எல்லோருக்கும் ஏற்றதல்ல.

கேள்வி: வைரஸைக் கொண்டு புற்றுநோயைக் குணப்படுத்துவதாகக் காணொளிகளில் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகர், மதுரை

பதில்: உண்மைதான், 'குணப்படுத்துவதாக' என்ற சொல்தான் பெரிது. ரத்தப் புற்றுநோய் இருந்த ஒரு பெண்ணுக்கு ஃப்ளூ காய்ச்சல் கண்டபோது வெள்ளணுக்கள் தற்காலிகமாகக் குறைந்ததை 1904இலேயே ஜார்ஜ் டாக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதியிருக்கிறார். நூற்றாண்டின் நடுப்பகுதியில் உயிருள்ள வைரஸ்களை நோயாளிகளுக்கே செலுத்திப் பார்த்தார்கள். இன்றைய அறநெறி அதை ஏற்காது. வைரஸின் மரபணுவை வெட்டி ஒட்டக் கற்ற பிறகே இது சிகிச்சையாயிற்று.

அமெரிக்காவில் 2015இல் அனுமதி பெற்ற டி-வெக், உதட்டோரம் கொப்புளம் வரவழைக்கும் ஹெர்பிஸ் வைரஸிலிருந்து செய்யப்பட்டது. அணுவின் தற்காப்பை முறியடிக்கும் மரபணுவை அதிலிருந்து நீக்கியிருப்பதால், தற்காப்பு சரியாக உள்ள அணுக்களில் அது பெருக முடியாது. தற்காப்பு பழுதுபட்ட புற்றணுக்களில் பெருகி அவற்றை உடைத்துவிடும். கூடவே, நோய் எதிர்ப்பு அணுக்களை அவ்விடத்துக்கு அழைக்கும் புரதத்துக்கான மரபணு ஒன்றையும் சேர்த்திருக்கிறார்கள். உண்மையில் கட்டியைக் கரைப்பதில் வைரஸின் பங்கைவிட அந்த அழைப்பின் பங்குதான் பெரிது என்பது என் கருத்து. ஊசி போடாத கட்டிகளும் சிலருக்குச் சுருங்குவதை வேறெப்படி விளக்குவது?

தோலில் தோன்றும் மெலனோமா என்ற புற்றுநோய்க்காக 436 பேரிடம் நடந்த ஆய்வில், ஆறு மாதமாவது நீடித்த பலன் 16.3 சதவீதத்தினருக்குக் கிடைத்தது. அந்தப் புரதத்தை மட்டும் ஊசியாகப் பெற்றவர்களில் 2.1 சதவீதம். தோலிலோ, தோலுக்கடியிலோ, நிணநீர்க் கணுவிலோ ஊசி எட்டக்கூடிய கட்டிகளுக்கே இது பயன்படும். ரத்தநாளத்தில் செலுத்தினால் எதிர்ப்புப் புரதங்களும் கல்லீரலும் வைரஸைப் பெரும்பாலும் வழியிலேயே மடக்கிவிடும். நோய் எதிர்ப்பு அணுக்களின் கட்டை அவிழ்த்துவிடும் பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்துடன் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும் என்று எதிர்பார்த்து நடத்திய மூன்றாம் கட்ட ஆய்வு ஏமாற்றத்தில் முடிந்தது. காணொளிகளில் இது வராது. ஜப்பான் 2021இல் மூளைக்கட்டிக்கு இதே இனத்து வைரஸ் ஒன்றை அனுமதித்ததும் நிபந்தனையுடன்தான்.

கேள்வி: மஞ்சளும் கிரீன் டீயும் 'எபிஜெனெடிக் உணவு' என்கிறார்களே?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ஆய்வகத் தட்டில் வளர்த்த அணுக்களின்மேல் கண்ட விளைவு அது. ரசத்தில் மஞ்சள் போடுங்கள். மாத்திரையாக வாங்குவதாக இருந்தால், மருந்தோடு முரண்படலாம் என்பதால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.

கேள்வி: எபிஜெனெடிக் மருந்து, வைரஸ் சிகிச்சை ஆகிய இவ்விரண்டு முறைகளையும் இணைக்க முடியுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நல்ல கேள்வி, ஏனெனில் இவை ஓரிடத்தில் தாமாகவே சந்திக்கின்றன. நம் டிஎன்ஏவில் சுமார் 8 சதவீதம், லட்சக்கணக்கான, கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதையரைத் தொற்றிய ரெட்ரோவைரஸ்களின் (தம் மரபணுவை நம் டிஎன்ஏவுக்குள்ளேயே செருகிவிடும் வைரஸ்கள்) எச்சம். மீத்தைல் குறிகள்தான் அவற்றை அடக்கி வைத்திருக்கின்றன. அசாசிட்டிடின் வகை மருந்துகள் குறிகளை அகற்றும்போது இந்த எச்சங்களும் விழித்து வைரஸ் தொற்றின் அடையாளமான இரட்டை இழை ஆர்என்ஏவை உருவாக்குகின்றன. வைரஸ் புகுந்துவிட்டதாகக் கருதும் புற்றணு, வைரஸைத் தடுக்கும் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அபாய அறிவிப்பு விடுக்கிறது. டொரொன்டோவிலும் பால்டிமோரிலும் இருந்த குழுக்கள் 2015இல் இதைத் தனித்தனியே வெளியிட்டன.

சிக்கலும் அங்கேதான். இன்டர்ஃபெரான் கூடினால், நாம் ஏவிவிட்ட வைரஸ் பெருகுவது தடைபடும். அதனால் சிலர் எதிர்த்திசையில் போகிறார்கள்: வலிப்புக்குக் கொடுக்கப்படும் வால்ப்ரோயிக் அமிலம் இன்னொரு வகை எபிஜெனெடிக் மருந்தும்கூட, அதை முன்கூட்டியே கொடுத்து இன்டர்ஃபெரானைச் சற்று அடக்கிவிட்டு ஹெர்பிஸ் வைரஸைச் செலுத்தியபோது, எலிகளின் மூளைக்கட்டியில் அது நன்றாகப் பரவியது. எந்த மருந்தை முதலில், எத்தனை நாள் இடைவெளியில் என்பதை மனிதர்களில் நிறுவும் வரை இந்த இணைப்பு ஆய்வுக்கூடத்தின் வேலை; அதைப் பணத்துக்கு யாராவது இன்றே செய்து தருவதாகச் சொன்னால் ஏற்காதீர்கள்.