அதட்டாமல் ஆடவைக்க: ஒரு கடிதம்

அன்புள்ள அக்கா,

பன்னிரண்டு வருடமாக நடனம் சொல்லிக்கொடுக்கிறேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரொம்பக் கண்டிப்பு. ஆடிக் காட்டுவார், நாங்கள் அப்படியே ஆட வேண்டும், கேள்வி கேட்கக் கூடாது. போன மாதம் வகுப்பில் ஒரு பிள்ளையை அதட்டினேன். வாயில் வந்தது அப்படியே அவருடைய வார்த்தை, அவருடைய குரல். எனக்கே தூக்கிவாரிப் போட்டது. வேறு மாதிரி கற்பிக்க ஆசை. ஆசிரியர்களுக்கான பயிற்சிகள் இணையத்தில் கொட்டிக் கிடக்கின்றன. எதில் சேர்வது? ஒரு பயமும் உண்டு: பிள்ளைகளுக்கு இடம் கொடுத்தால் ஆட்டத்தில் சுத்தம் போய்விடாதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தோழி,

பயத்தை முதலில் பார்த்துவிடலாம். அதட்டுவதை நிறுத்திவிட்டு அந்த இடத்தை வெறுமனே விட்டால், சுத்தம் போகத்தான் செய்யும். அப்படியும் வகுப்புகள் நடக்கின்றன. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வருவார்கள், சிரித்துக்கொண்டே போவார்கள், மூன்று வருடம் கழித்தும் முதுகு நிமிர்ந்திருக்காது. நீங்கள் கேட்பது அது இல்லை என்று தெரிகிறது.

மஸ்கா மாஸ்டன் என்ற உடற்கல்வி அறிஞர் 1966இல் கற்பிக்கும் முறைகளை ஒரு வரிசையாக அடுக்கிக் காட்டினார். அவர் பார்த்தது ஒன்றைத்தான்: வகுப்பில் எடுக்கப்படும் முடிவுகள் யார் கையில் இருக்கின்றன? ஒரு கோடியில் எல்லாம் ஆசிரியர் கையில், மறுகோடியில் மாணவர் கையில். நடுவே, ஜோடியாக நின்று ஒருவரை ஒருவர் திருத்துவது, தன்னைத் தானே சரிபார்ப்பது என்று பல படிகள். இதில் உயர்ந்தது, தாழ்ந்தது என்று எதுவும் இல்லை என்ற முடிவுக்குப் பிற்பாடு அவரே வந்தார். இருபது பேர் ஒரே நேரத்தில் கால் வைக்க வேண்டிய இடத்தில் எண்ணிக்கை போட்டுத்தான் ஆக வேண்டும். உங்கள் ஆசிரியர் கட்டளையிட்டதில் தவறில்லை. அவரிடம் அந்த ஒரு வழிதான் இருந்தது, அவ்வளவுதான்.

சரி, எதில் சேர்வது? அதற்கு முன்னால் செலவில்லாத ஒரு காரியம் இருக்கிறது. வகுப்பின் மூலையில் போனை வைத்து ஒரு மணி நேரம் பதிவுசெய்யுங்கள். குரல் மட்டும் போதும். அப்புறம் ஒரு தாளை வைத்துக்கொண்டு எண்ணுங்கள். எத்தனை முறை திருத்தினீர்கள், யார் பெயரைச் சொன்னீர்கள், கேள்வி என்று ஏதாவது கேட்டீர்களா. நான் முதலில் எண்ணியபோது, முன்வரிசைப் பெண் ஒருத்தியின் பெயர் பதினோரு தடவை வந்தது. பின்வரிசையில் நான்கு பேரின் பெயர் ஒருதடவைகூட வரவில்லை. நான் கேட்ட ஒரே கேள்வி, “புரிஞ்சுதா?” அதைக் கேள்வி என்று எப்படிச் சொல்வது!

அந்தப் பதிவில் இன்னொன்றும் அகப்பட்டது. ஒரு பையன் சரியாகக் குதிக்கமாட்டான். “முழங்காலை நீட்டு, பாதத்தை நீட்டு” என்று மாதக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். காப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1998இல் பனிச்சறுக்குப் பயிற்சிக் கருவி ஒன்றை வைத்துச் சோதித்தார்கள். தங்கள் பாதத்தைக் கவனித்தவர்களைவிட, பாதத்துக்கு அடியில் இருந்த சக்கரங்களைக் கவனித்தவர்கள் நன்றாகக் கற்றார்கள். உடம்பின் பாகத்தை நினைத்தால் உடம்பு இறுகிக்கொள்கிறது, வெளியே ஒன்றை நினைத்தால் அது தானாக வழி கண்டுபிடித்துக்கொள்கிறது. பையனிடம், “தரையைத் தள்ளிவிடு” என்றேன். அவன் மேலே போன உயரத்தைப் பார்த்து எனக்கு வந்தது சந்தோஷமில்லை. வீணாய்ப்போன மாதங்களின் கணக்குதான்.

இதே வகையில் இன்னொரு பழக்கம். ஒரே அசைவை இருபது தடவை ஆடவைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவோம், இல்லையா? ஷே, மார்கன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வேலைகளைக் கலைத்துப்போட்டுப் பழகியவர்கள் பயிற்சியின்போது தடுமாறினார்கள், ஆனால் பத்து நாள் கழித்து அவர்களுக்குத்தான் நன்றாக நினைவிருந்தது. அது கை அசைவில் செய்த சோதனை, நடனம் இல்லை. இருந்தாலும் செய்து பாருங்கள். வகுப்பு அன்றைக்கு அலங்கோலமாகத் தெரியும். வாசலில் நின்று பார்க்கும் பெற்றோருக்கு முன்னாலேயே சொல்லிவைத்துவிடுங்கள்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். ஒரே ஒரு கேள்வியை வைத்து வடிகட்டுங்கள்: அங்கே நீங்கள் கற்பிப்பதை யாராவது உட்கார்ந்து பார்ப்பார்களா? பார்த்துச் சொல்வார்கள் என்றால் சேருங்கள். பெரிய கலைஞர் ஒருவர் ஒருநாள் முழுக்க ஆடிக் காட்டி, மாலையில் சான்றிதழ் தருவது என்றால், உங்களுக்கு ஒரு புது நடனம் கிடைக்கும். கற்பிப்பதில் ஒன்றும் மாறாது.

இதற்கு விதிவிலக்கு, உடம்பைப் பற்றிய படிப்பு. அதை விடவே கூடாது. முழங்காலை மடக்கி ஆடும் பரதத்து அரைமண்டியோ, அதே மாதிரி பாலேயில் வரும் பிளியேயோ, கால் வெளிப்பக்கம் திரும்புவது இடுப்பு மூட்டிலிருந்து. அந்த மூட்டுக் குழியின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. இடுப்பு திரும்பாத பிள்ளையை, “பாதத்தை இன்னும் திருப்பு” என்று அதட்டினால், அது முழங்காலை முறுக்கிக்கொண்டு நம்மைத் திருப்திப்படுத்தும். நாமும், “அப்படித்தான்” என்போம். நானே பலமுறை சொல்லியிருக்கிறேன். வளரும் பருவத்தில் எலும்பு சட்டென்று நீளும்போது, நேற்று வந்த சமநிலை இன்றைக்கு வராது. அது சோம்பேறித்தனம் இல்லை என்று தெரிந்தாலே பாதி அதட்டல் குறைந்துவிடும். நடன மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் என்றே 1990இல் தொடங்கிய பன்னாட்டுச் சங்கம் ஒன்று இருக்கிறது. ஆசிரியர்களுக்காக அவர்கள் எழுதியிருப்பதிலிருந்து தொடங்கலாம்.

நல்ல பயிற்சி அமையவில்லை என்றால் இன்னொரு ஆசிரியரைத் துணைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை அவர் வகுப்பில் நீங்கள், உங்கள் வகுப்பில் அவர். கருத்துச் சொல்ல, நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் வகுத்த முறை வசதியானது. மனதில் நின்றதைப் பார்த்தவர் முதலில் சொல்ல வேண்டும். அடுத்து, ஆசிரியர் தன் சந்தேகங்களைக் கேட்பார். மூன்றாவதாக, பார்த்தவர் அபிப்பிராயம் ஒளிந்திராத கேள்விகளைக் கேட்பார். கடைசியில், “ஒரு கருத்து இருக்கிறது, சொல்லலாமா?” என்று அனுமதி வாங்கிக்கொண்டு சொல்வார். மூன்றாவதுதான் சிரமம். “ஏன் இவ்வளவு வேகமாகப் போனீர்கள்?” என்பது கேள்வி மாதிரி உடுத்திக்கொண்டு வரும் குற்றச்சாட்டு. “வேகத்தை எப்படி முடிவு செய்தீர்கள்?” என்று கேட்கப் பழக எனக்கு வெகுநாள் ஆயிற்று.

முதலில் அந்தப் பதிவைச் செய்துவிட்டு எழுதுங்கள். பத்து நிமிடத்துக்கு மேல் கேட்க முடியாது, அணைத்துவிடத் தோன்றும். நானும் அணைத்தேன். மறுநாள் இயர்போன் மாட்டிக்கொண்டுதான் மிச்சத்தைக் கேட்டேன், வீட்டில் யார் காதிலாவது விழுந்துவிடப் போகிறதே என்று.