சொந்தப் பாட்டு, சொந்த வருமானம்: சுயாதீன இசைக்கலைஞர்களின் கேள்விகளுக்குப் பதில்

இசைக்கலைஞர்களுக்கு ஒப்பந்தம் படித்துச் சொல்வதும், அவர்கள் பாட்டை வெளியிட உதவுவதும்தான் என் வேலை. வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஊரை மட்டும் போட்டு, பெயர்களை விட்டுவிட்டேன்.

சேலம்: அக்கா, நானே எழுதி மெட்டமைத்த பாட்டு. ஸ்டூடியோ செலவே 18,000 ஆனது. ஒரு யூடியூப் சேனல் மொத்தமாக 25,000 தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்கிறது. போடலாமா?

இன்றைக்குப் போடாதீர்கள் தம்பி. நீங்கள் அனுப்பிய தாளில் நான்காவது பத்தியைப் பாருங்கள்: ‘உலகெங்கும், என்றென்றைக்கும், தற்போதுள்ள மற்றும் இனி உருவாகும் அனைத்து ஊடகங்களிலும்.’ உங்கள் பாட்டு மொத்தமும் அந்த ஒரு வரியில் கைமாறிவிடுகிறது.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்து இருக்கிறது. வரியும் மெட்டும் ஒன்று. அது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் சொந்தம். வாழ்நாள் முழுக்கவும், இறந்தபின் 60 ஆண்டுகளும் அந்த உரிமை நிற்கும். இன்னொன்று ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர். முன்னின்று பொறுப்பேற்றுத் தயாரித்தவருக்கு அது சொந்தம். வெளியானதிலிருந்து 60 ஆண்டு. உங்கள் விஷயத்தில் இரண்டுமே நீங்கள்தான். சேனல் 25,000 ரூபாய்க்குக் கேட்பது இரண்டையும் சேர்த்து.

பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் வந்த திருத்தம் உங்களுக்குப் பெரிய பலம். வரிக்கும் மெட்டுக்கும் வரவேண்டிய ராயல்டியில், அதாவது பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் உரிமைப் பணத்தில், சரிபாதி பெறும் உரிமையை நீங்களே நினைத்தாலும் விற்க முடியாது. வாரிசுக்கோ, ராயல்டி வசூலித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். கையெழுத்துப் போடும் நாளில் புழக்கத்தில் இல்லாத ஊடகத்தை ஒப்பந்தம் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை என்றால், அதற்கு அந்த ஒப்பந்தம் செல்லாது. காலம் எழுதவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் ‘என்றென்றைக்கும், உலகெங்கும்’ என்று மறக்காமல் அடித்து வைத்திருக்கிறார்கள்.

சட்டம் இருக்கிறதே என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிறகு வழக்குக்கு அலைய உங்களால் முடியாது. இப்போதே திருப்பிக் கேளுங்கள்: மாஸ்டரை விற்கவில்லை, அந்தச் சேனலுக்கு மட்டும் மூன்று வருட உரிமம் தருகிறேன், 25,000 முன்பணம், அது கழிந்தபின் வருமானத்தில் பாதி, ஆறு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. ஒத்துவரவில்லை என்றால் பாட்டு உங்களிடமே இருக்கட்டும். 7,000 ரூபாய் லாபத்துக்காகக் கொடுத்துவிடாதீர்கள்.

கோவை: நாலு பேர் பேண்ட். ஸ்பாட்டிஃபையில் ஏழு பாட்டு இருக்கிறது, வருவது டீச்செலவுக்குக்கூடக் காணவில்லை. எங்கே தப்பு?

உங்கள் பக்கம் தப்பில்லை. ஒரு கேட்புக்கு இவ்வளவு என்று அங்கே நிலையான விலை கிடையாது. சந்தாவும் விளம்பரமும் ஒரே உண்டியலில் விழுகின்றன. மொத்தக் கேட்பில் உங்கள் பங்கு எவ்வளவோ அந்த அளவுக்குப் பிரித்துத் தருகிறார்கள். மாதம் முழுக்க உங்களை மட்டுமே கேட்கும் ரசிகரின் சந்தாவும் பெரும்பாலும் பெரிய நட்சத்திரங்களுக்கே போகிறது. இது எனக்கு நியாயமாகவே படவில்லை. போதாக்குறைக்கு, 2024 முதல் முந்தைய 12 மாதத்தில் 1,000 தடவை கேட்கப்படாத பாட்டுக்கு ஒலிப்பதிவு ராயல்டியே இல்லை.

கேட்புக்குப் பத்துப் பைசா என்றே வைத்துக்கொள்ளுங்கள். 30,000 ரூபாய் சேர 3 லட்சம் தடவை ஓட வேண்டும். அதே பணம், 200 பேர் ஆளுக்கு 150 கொடுத்து ஆல்பம் வாங்கினால் வந்துவிடும். கோவையில் உங்கள் நிகழ்ச்சிக்கு 200 பேர் வருகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மேடையை விட்டு இறங்கும் வழியில் ஒரு மேசை, யுபிஐ க்யூஆர் அட்டை, பணம் கட்டியவருக்கு டவுன்லோட் லிங்க். மேசையில் பேண்டில் ஒருவரே நிற்கட்டும். பாடினவர் கையிலிருந்து வாங்கத்தான் ஜனங்களுக்குப் பிடிக்கும். ஸ்ட்ரீமிங்கை விட்டுவிடாதீர்கள், புது ஆட்கள் உங்களைக் கண்டுபிடிக்க அது வேண்டும். வருமானத்துக்கு அதை நம்பி இருக்காதீர்கள்.

இன்னொன்று. நாலு பேருக்கும் பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி இன்றே கையெழுத்துப் போடுங்கள். பணம் வர ஆரம்பித்தபின் இந்தப் பேச்சை எடுத்தால் நட்பு போய்விடும்.

சென்னை: கலைஞரே பாட்டை நேரடியாக விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் போட்டேன், நம்மூர் நண்பர்களால் வாங்க முடியவில்லையே?

பணம் பேபால் வழியாக வருவதுதான் காரணம். 2021 ஏப்ரல் 1 முதல் பேபால் இந்தியாவுக்குள்ளேயே நடக்கும் பணப்பரிமாற்றத்தை நிறுத்திவிட்டது. வெளிநாட்டு ரசிகர்களுக்குப் பேண்ட்கேம்ப், உள்ளூருக்கு யுபிஐ என்று இரண்டு கடை வையுங்கள்.

வியாசர்பாடி: ராப் பண்றேன்கா. பீட்டை, அதாவது பின்னணி இசையை, நெட்டில் வாங்கினேன். என் பாட்டுக்கே வேறு யாரோ யூடியூபில் உரிமை கோரி க்ளெய்ம் போட்டிருக்கிறார்கள்.

நீங்கள் வாங்கியது தனியுரிமை இல்லாத லீஸ். அதே பீட்டை இன்னும் பலருக்கு விற்றிருப்பார்கள். அதில் ஒருவர் கன்டென்ட் ஐடியில் (ஒரே ஒலி வரும் வீடியோக்களைத் தானாகக் கண்டுபிடிக்கும் யூடியூப் மெஷின்) பதிந்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் க்ளெய்ம் வரும். வாங்கிய ரசீதையும் லைசென்ஸையும் காட்டி மறுப்புத் தெரிவியுங்கள். நீங்களும் அந்தப் பாட்டைக் கன்டென்ட் ஐடியில் பதியாதீர்கள். அடுத்த பாட்டுக்குப் பேட்டையிலேயே பீட் போடும் பையன் ஒருவனோடு சேர்ந்து, பங்கு பேசிச் செய்யுங்கள். அவனுக்கும் வருமானம்.

மயிலாப்பூர்: தியாகராஜர் கீர்த்தனை பாடிப் போட்டேன். ஒரு கம்பெனி உரிமை கோருகிறது. பாரதியார், பாபநாசம் சிவன் பாட்டெல்லாம் பதிவு செய்யலாமா?

தியாகராஜர் 1847இல் மறைந்தார். அவர் கீர்த்தனை யாருக்கும் சொந்தமில்லை. அதே கீர்த்தனை, அதே ராகம் என்பதால் யூடியூபின் கன்டென்ட் ஐடி மெஷின் உங்கள் குரலை அவர்கள் ஒலிப்பதிவோடு குழப்பிக்கொள்கிறது. ஐந்து நாளுக்குள் மறுப்புப் போட்டால் அதுவரை வந்த வருமானத்தையும் யூடியூப் தனியே நிறுத்தி வைக்கும். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தராவிட்டால் க்ளெய்ம் விழுந்துவிடும். ‘என் சொந்தப் பதிவு, மூலம் பொதுவுடைமை’ என்று இரண்டு வரி எழுதினால் போதும்.

பாரதியின் வரிகள் பொதுச்சொத்து. ஆனால் சினிமாவில் வந்த மெட்டில் பாடினால் அந்த மெட்டு இசையமைப்பாளருடையது. சொந்த மெட்டில் பாடுங்கள். பாபநாசம் சிவன் 1973இல் மறைந்தவர். அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை உரிமை உண்டு, அனுமதி வாங்கித்தான் வெளியிட வேண்டும்.

தஞ்சாவூர் பக்கம்: நாதஸ்வரக் கலைஞன். ரெக்கார்டிங்குக்குக் கூப்பிட்டு ஒருநாள் பேட்டா கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அது எத்தனையோ வீடியோவில் ஓடுகிறது. எனக்கு ஏதாவது உண்டா?

உண்டு ஐயா. வாசித்தவருக்கும் நிகழ்த்துநர் உரிமை என்று சட்டத்தில் தனியாக இருக்கிறது, 50 ஆண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு ராயல்டி பெறவும் உரிமை உண்டு. உங்களைப் போன்றவர்களிடம்தான் இதை யாரும் சொல்வதில்லை என்பதில் எனக்குத் தீராத கோபம் உண்டு. பாடகர்களுக்காக இஸ்ரா என்று தொடங்கிய சங்கம் இப்போது வாத்தியக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு இஸம்ரா என்று இயங்குகிறது, உறுப்பினராகச் சேருங்கள். இனி ரெக்கார்டிங் போனால் தேதி, ஸ்டூடியோ, பாட்டின் பெயர், கூப்பிட்டவர் பெயர் நாலையும் நோட்டில் எழுதுங்கள். பாட்டின் விவரத்தில் உங்கள் பெயர் வரவேண்டும் என்று வாசிப்பதற்கு முன்பே வாட்ஸாப்பில் ஒரு செய்தி அனுப்புங்கள். பின்னால் அதுவே சாட்சி.

சொந்தமாக மெட்டமைப்பவர்கள், வரி எழுதுபவர்கள், அவர்களுக்கான ராயல்டியை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் மட்டும் போதாது, ஒவ்வொரு பாட்டையும் பங்கு விவரத்தோடு பதிய வேண்டும். பதியாத பாட்டுக்கு உங்களைத் தேடி வந்து பணம் தரமாட்டார்கள்.

திருநெல்வேலி: டிஸ்ட்ரிப்யூட்டரை, அதாவது பாட்டை ஸ்ட்ரீமிங் தளங்களில் ஏற்றித் தரும் நிறுவனத்தை, மாற்றினால் கேட்பு எண்ணிக்கை போய்விடுமா?

ஒலிப்பதிவின் அடையாள எண்ணான பழைய ஐஎஸ்ஆர்சி எண்ணையே கொடுத்து, அதே ஆடியோ ஃபைலை ஏற்றினால் பொதுவாகப் போகாது. புதியவர் வழியாகப் பாட்டு வந்துவிட்டதா என்று பார்த்தபிறகே பழையதை நீக்குங்கள். ஆண்டுச் சந்தா நிறுவனமா, ஒருமுறை கட்டணமா என்பதையும் பாருங்கள். சந்தா நின்றால் பாட்டை இறக்கிவிடுவோர் உண்டு. அமெரிக்க நிறுவனம் என்றால் அவர்கள் தரும் டபிள்யூ-8பென் என்ற அமெரிக்க வரிப் படிவத்தில் பான் எண்ணோடு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் குறிப்பிடுங்கள். அமெரிக்காவில் ஈட்டிய ராயல்டிக்கு 30 விழுக்காடு பிடிப்பது 15 ஆகக் குறையும்.

டொராண்டோ: நான் ரசிகை மட்டும்தான். எப்படி வாங்கினால் கலைஞருக்கு அதிகம் போகும்?

இந்தக் கேள்வி வந்ததே சந்தோஷம். பேண்ட்கேம்பில் டிஜிட்டல் விற்பனைக்கு 15 விழுக்காடு எடுக்கிறார்கள், பணப்பரிமாற்றக் கட்டணம் தனி. ஆண்டில் சில வெள்ளிக்கிழமைகளில் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கிறார்கள். முடிந்தால் அன்று வாங்குங்கள். குறிப்பிட்ட விலைக்கு மேலும் கொடுக்க அங்கே இடம் உண்டு. உங்களுக்குப் பிடித்தவர் அதில் இல்லை என்றால், எப்படி வாங்கலாம் என்று அவருக்கே எழுதிக் கேளுங்கள். கேட்டு இரண்டு பேர் எழுதினாலே பலர் கடை திறந்துவிடுவார்கள்.