அமெரிக்கக் கல்லூரியில் பீச் வாலிபால் ஆடினால் முழு ஸ்காலர்ஷிப் கிடைக்குமா?

மகள் பதினோராம் வகுப்பு, பீச் வாலிபால் நன்றாக ஆடுகிறாள், கல்லூரிச் செலவு மொத்தமும் இதில் வந்துவிடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். முழுசாக வரும் என்று நம்பி இறங்காதீர்கள்.

இந்த ஆட்டத்தால் கல்லூரிக்கு வருமானம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. பிறகு ஏன் நடத்துகிறார்கள்? 1972-இல் வந்த டைட்டில் நைன் சட்டப்படி பெண்களுக்கும் சம வாய்ப்பு தர வேண்டும். அமெரிக்க ஃபுட்பால் அணி ஒன்றே நூறு பையன்களை இழுத்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட, செலவு குறைவான பெண்கள் ஆட்டம் ஒன்று கைகொடுக்கிறது. மணல், வலை, பந்து போதும், கடல்கூட வேண்டாம். கடலுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாத டெக்சஸ் மாநிலத்து ஃபோர்ட் வொர்த்தின் டி.சி.யு. பல்கலைக்கழகம்தான் 2025-இல், கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.-வின் பட்டத்தை வென்றது.

இப்போது பணம். முன்பு கல்லூரி விளையாட்டின் மேல்தட்டான டிவிஷன்-1-இல் ஓர் அணிக்கு 6 முழு ஸ்காலர்ஷிப்தான் உச்சவரம்பு. அதை 14 பேர் வரை பங்கு போடலாம். கல்லூரி ஆட்டக்காரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கில் 2025-இல் உடன்பாடு வந்தபின், அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு அந்த வரம்பு இல்லை. அணியில் 19 பேருக்கு மேல் கூடாது என்பது மட்டும்தான். 19 பேருக்கும் முழுசாகக் கொடுக்கலாம். கொடுத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அதே உடன்பாட்டில் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகத் தரும் பணமும் பெரும்பாலும் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் போகிறது. அதனால் கோச் "பார்த்துக்கொள்ளலாம்" என்றால் சிரித்துவிட்டு, எத்தனை சதவீதம், எத்தனை வருடம், காயம் பட்டால் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

கோச்கள் விஷயமும் முக்கியம். ஒரு மோதலுக்கு ஐந்து ஜோடிகள், மூன்று ஜெயித்தால் வெற்றி. ஐந்து கோர்ட் இருக்கும் இடத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும். நான் பார்த்த ஒரு போட்டியில், கடைசிக் கோர்ட்டுப் பெண்கள் டைம்அவுட் எடுத்துவிட்டுத் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு நின்றார்கள். கோச் இரண்டு கோர்ட் தள்ளி முதல் ஜோடியோடு இருந்தார். உங்கள் மகள் முதல் வருடம் அந்தக் கடைசிக் கோர்ட்டில்தான் நிற்பாள், அதுவும் இடம் கிடைத்தால். சம்பளமில்லாத வாலண்டியர் கோச் என்ற பதவியை 2023-இல் எடுத்துவிட்டார்கள். ஆகவே சம்பளத்தில் எத்தனை பேர் என்று விசாரியுங்கள்.

படிப்பு? சீசனில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் பயிற்சி கூடாது என்பது விதி. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் போட்டி நாள் காலையிலிருந்து மாலை வரை நீண்டாலும் கணக்கில் 3 மணி நேரம்தான், பயண நேரம் கணக்கிலேயே வராது. சீசன் பிப்ரவரி கடைசியில் தொடங்கி மே வரை போகும், செமஸ்டர் தேர்வும் அப்போதுதான். நர்சிங், இன்ஜினியரிங் மாதிரி லேப் அதிகமுள்ள படிப்பு என்றால் மதிய லேபும் பயிற்சியும் மோதும். பல அணிகளின் இணையதளத்தில் ஆட்டக்காரர் பட்டியலில் (ரோஸ்டர்) யார் என்ன மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்று போட்டிருப்பார்கள். உங்கள் மகள் நினைக்கும் படிப்பில் ஒருத்தியாவது இருக்கிறாளா என்று பாருங்கள். இல்லையென்றால் ஏன் என்று கோச்சிடமே கேட்டுவிடுங்கள்.