5 லட்சம் சீட்டை 6ஆம் மாதமே தள்ளி எடுக்கலாமா?

சென்னையில் 25 மாதச் சீட்டு, மாதத் தவணை 20,000, பெண்ணின் கல்லூரிக் கட்டணத்துக்காக 6ஆம் மாத ஏலத்தில் 1.5 லட்சம் தள்ளிக் கேட்கலாமா (அதாவது அவ்வளவு தொகையை விட்டுக்கொடுத்துச் சீட்டை எடுக்கலாமா) என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்கைப் பாருங்கள் சார்.

தள்ளு 1,50,000. அதில் சீட்டு நடத்துபவரின் கமிஷன், அதாவது 5 லட்சத்துக்கு 5% என்று 25,000 போக, மீதி 1,25,000 இருபத்தைந்து பேருக்குப் பிரியும். ஆளுக்கு 5,000, அந்த மாதம் நீங்கள் கட்டுவது 15,000. கைக்கு வருவது 3.5 லட்சம். ஆனால் அதில் 90,000 (6 மாதம், மாதம் 15,000 என்று வைத்தால்) நீங்களே கட்டியது. உண்மையான கடன் 2.6 லட்சம்தான். போகப்போகத் தள்ளு குறைவதால், பாக்கி 19 மாதம் சராசரியாக 17,500 கட்டினால் 3,32,500 ஆகிறது. ஏறக்குறைய இரண்டரை வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு இரண்டரை ரூபாய்! வங்கி நகைக்கடன் ஒரு வட்டிக்கும் கீழே. நகை இருந்தால் இப்போதைக்கு அதை வைத்துவிட்டு, 14ஆம் மாதத்துக்குப் பிறகு தள்ளு குறைந்ததும் சீட்டை எடுத்து மீட்டுவிடுங்கள்.

எடுத்தே ஆக வேண்டுமென்றால், பாக்கித் தவணைகளுக்கு என்ன ஜாமீன் தர வேண்டும் என்று ஏலத்துக்கு முன்பே கேளுங்கள். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்: ஏலம் எடுத்துவிடுவார்கள், சம்பளச் சான்றோடு வந்து கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது; பணம் நிற்கும், கல்லூரித் தேதி போய்விடும். ஒரு தவணை பிந்தினாலும் தள்ளில் உங்கள் பங்காக அந்த மாதம் வரும் கழிவு கிடைக்காமல் போகலாம். ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

இன்னொன்று, சீட்டுப் பதிவாளரின் முன் அனுமதி எண் ஒப்பந்தத்தில் இருக்கிறதா? நிறுவனப் பதிவு எண்ணைக் காட்டிச் சமாளிப்பார்கள். அது வேறு, ஒவ்வொரு சீட்டுக் குழுவுக்கும் தனி அனுமதி வேண்டும்.