ஹேங்கர் கழிவுநீர்: செபரேட்டர் இருந்தும் எண்ணெய் ஏன் மிஞ்சுகிறது?

கேள்வி: விமானப் பராமரிப்பு ஹேங்கர் ஒன்றில் யூட்டிலிட்டி பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கழுவும் தண்ணீர் எண்ணெயைப் பிரிக்கும் செபரேட்டர் வழியாகத்தான் எஸ்.டி.பி.க்கு (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) போகிறது. ஆனாலும் விமானம் கழுவிய மறுநாள் தண்ணீரில் ஆயில் அண்ட் கிரீஸ் அளவு எகிறுகிறது, காற்றூட்டும் ஏரேஷன் டேங்கில் நுரை பொங்குகிறது. பெரிய செபரேட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அடுத்த முறை விமானம் கழுவும்போது, செபரேட்டருக்குள் நுழையும் தண்ணீரை ஒரு லிட்டர் கண்ணாடி ஜாடியில் பிடித்து, ஒரு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். எண்ணெய் மேலே வந்து கீழே தெளிந்தால், உங்கள் செபரேட்டருக்குக் கொள்ளளவு போதவில்லை என்று பொருள். பெரியது வாங்குவதில் நியாயம் உண்டு. ஒரு மணி நேரம் கழித்தும் பால் மாதிரி வெளுத்தே இருந்தால் எவ்வளவு பெரியது வாங்கினாலும் பணம்தான் வீண். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இரண்டாவதாகத்தான் இருக்கும்.

காரணம் எளிது. செபரேட்டர் எண்ணெயைப் பிடிப்பதில்லை, மிதக்க நேரம் கொடுக்கிறது, அவ்வளவுதான். வழக்கமான வடிவமைப்பு 150 மைக்ரான் (0.15 மி.மீ.) துளியைக் கணக்கில் வைக்கிறது. விமான எரிபொருளின் அந்த அளவுத் துளி ஒரு மீட்டர் மேலே ஏறச் சுமார் 7 நிமிடம் போதும். துளி பத்தில் ஒரு பங்காகச் சிறுத்தால் நேரம் நூறு மடங்கு, அதாவது ஏறக்குறைய 12 மணி நேரம். டிட்டர்ஜென்ட் செய்வது இதைத்தான்: எண்ணெயைப் பொடித்து, மறுபடி ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. பொங்கும் நுரைக்கும் அதுவே முதல் சந்தேகம்.

சோப்பை மாற்றலாமே என்று தோன்றும். மாற்றலாம், அழுக்கை எடுத்ததும் எண்ணெயைச் சீக்கிரம் விட்டுவிடும் கிளீனர்கள் கிடைக்கின்றன. ஆனால் அது விமான உற்பத்தியாளரின் மெயின்டனன்ஸ் மேனுவல் ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். லேண்டிங் கியரின் உறுதியான எஃகைச் சில ரசாயனங்கள் நொறுங்கும்படி செய்துவிடும். எனவே பர்ச்சேஸ் ஆள் மட்டும் முடிவெடுக்கிற விஷயமில்லை, இன்ஜினியரிங் பிரிவு கையெழுத்துப் போட வேண்டும்.

அப்புறம் பம்ப். கழுவிய தண்ணீர் சேரும் சம்ப் தொட்டியிலிருந்து சென்ட்ரிஃபியூகல் பம்ப் வைத்துச் செபரேட்டருக்குத் தள்ளுகிறீர்களா? சோப்பு பொடிக்காமல் விட்ட எண்ணெயையும் அதன் இம்பெல்லர் (வேகமாகச் சுழலும் சக்கரம்) அடித்துக் கலக்கிவிடும். முடிந்தால் தண்ணீர் சரிவில் தானாக ஓடி வரட்டும், பம்ப் செபரேட்டருக்குப் பிறகு இருக்கட்டும். முடியாதென்றால் அதிகம் கலக்காத ஸ்க்ரூ பம்ப் அல்லது டயஃப்ரம் பம்ப்.

இவ்வளவும் செய்த பிறகும் பால் நிறம் போகவில்லையென்றால், ஜாடித் தண்ணீரில் ஆலம் (படிகாரம்) போட்டுக் கலக்கி ஜார் டெஸ்ட் செய்து பாருங்கள். திரண்டு தெளிந்தால், செபரேட்டருக்குப் பின் ஆலம் டோசிங்கும், நுண்குமிழி விட்டுத் திரளை மேலே தூக்கும் டி.ஏ.எஃப். யூனிட்டும் வைப்பது சரியான செலவு. வரும் எண்ணெய்க் கசடு அபாயக் கழிவு. தமிழ்நாட்டில் என்றால் கும்மிடிப்பூண்டி மையம் போன்ற அனுமதி பெற்ற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: ஊதா நிற ஹைட்ராலிக் ஆயில். பயணிகள் விமானங்களில் இருக்கும் ஸ்கைட்ரால் வகை, பாஸ்பேட் எஸ்டர். தண்ணீரைவிட ஒரு நூல் கனம், மிதக்காது. செபரேட்டருக்கு அது இருப்பதே தெரியாது. அதைத் தரையில் விழ விடாமல் டிரிப் ட்ரேயில் (சொட்டுப் பிடிக்கும் தட்டு) பிடிப்பது ஒன்றே வழி. சிந்தினால் துடைத்து எடுங்கள், ஹோஸ் பிடித்துக் கழுவி விடாதீர்கள்.

பெயின்ட் உரிக்கும் தண்ணீரும் அலோடின் (அலுமினியத்துக்குப் பூசும் துருத்தடுப்பு ரசாயனம்) கழுவலும் இந்தக் குழாய்க்கே வரக்கூடாது. அவற்றில் நச்சான ஆறிணைதிறக் குரோமியம் இருக்கும். நீர்நிலையில் விட மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொது வரம்பு லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான் (எண்ணெய்க்கு 10). தனி டேங்கில் பிடித்து, பி.எச். 2 முதல் 3-க்குள் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்துக் குரோமியத்தின் வீரியத்தைக் குறைத்து, பிறகு சுண்ணாம்பு போட்டுப் படிய வைக்க வேண்டும். சின்ன அளவென்றால் டிரம்மில் பிடித்துக் கொடுத்துவிடுவதே மேல்.

விமானக் கழிப்பறை நீலத் தண்ணீரையும் உங்கள் எஸ்.டி.பி.யில் கொட்டுகிறார்களா என்று விசாரியுங்கள். அதிலுள்ள கிருமிநாசினி எஸ்.டி.பி.யில் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவையும் விடாது. ஒரே மூச்சில் விடாமல் ஈக்வலைசேஷன் டேங்கில் (வரும் கழிவுநீரைத் தேக்கிச் சீராக்கும் தொட்டி) சேர்த்துச் சிறிது சிறிதாக விட்டால் தாங்கும்.

கடைசியாக ஹேங்கர் தீயணைப்பு ஃபோம். பழைய ஏ.எஃப்.எஃப்.எஃப். (எரிபொருள் தீயை அணைக்கும் படல நுரை) வகையில் பி.எஃப்.ஏ.எஸ். எனும் ஃபுளோரின் சேர்மங்கள் இருக்கும். அதில் ஒன்றான பி.எஃப்.ஓ.எஸ். 2009-லேயே நிலைத்து நிற்கும் நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் ஏறிவிட்டது. எஸ்.டி.பி. இவற்றை அழிக்காது, தண்ணீரிலும் கசடிலும் அப்படியே வெளியே போகும். ஃபோம் டெஸ்ட் நாளில் வடிகால் வால்வை மூடி, மொத்தத்தையும் தனி டேங்கில் பிடியுங்கள். வால்வை மூடியது யார், எப்போது என்று லாக் புத்தகத்தில் எழுதி வையுங்கள்; வால்வு திறந்தே கிடந்தால் ஃபோம் மழைநீர்க் கால்வாய்க்குத்தான் போயிருக்கும்.